எஸ்மத் வீட்டு வாசலில் பெட்டூனியா

விதைப்பு அறையில் ஆறு பெண்களும் மூச்சை அளந்து விட்டுக்கொண்டிருந்தார்கள். பெட்டூனியா விதை அப்படிப்பட்டது. ஒரு கிராமில் பத்தாயிரம் இருக்கும். எறும்புகூடத் தூசியென்று நினைத்துச் சுற்றிக்கொண்டு போய்விடும். பல்குச்சியின் நுனியை ஈரப் பஞ்சில் தொட்டு, வெள்ளைச் சாசரில் கிடப்பதில் ஒன்றே ஒன்றை ஒட்டியெடுத்து, தட்டின் குழியில் வைக்க வேண்டும். ஒரு தட்டுக்கு இருநூறு குழி. எல்லோரும் முக்காட்டை மூக்குக்கு மேல் இழுத்துக் கட்டியிருந்தார்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒருத்தி தும்மினாள். அந்தத் தும்மலில் பறந்துபோன விதைக்கு ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கியிருக்கலாம் என்று முதலாளி ஹாஜி நொஸ்ரத் இன்றைக்கும் சொல்கிறார். தும்மியவள் இப்போது ஊறுகாய்க் கடையில் வேலை பார்க்கிறாள். அங்கே தாராளமாகத் தும்மலாம்.

ஹாஜியின் கண்ணாடிக் குடில்கள் ஈரானில் பூவுக்குப் பேர்போன மஹல்லாத் ஊரின் மேட்டுப்புறத்தில், ஊற்றிலிருந்து இறங்கும் வாய்க்காலை ஒட்டி நின்றன. நூறு விதை போட்டால் எண்பத்தைந்து முளைக்கும் என்று பொட்டலத்திலேயே அச்சடித்திருந்தது. ஹாஜி அதை நம்பவில்லை. முளைக்காத விதை என்று உலகத்தில் ஒன்று கிடையாது, களவுபோன விதைதான் உண்டு என்பது அவர் கட்சி. தன் நிழலையே திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் கதவைப் பூட்டுவார்.

அதனால் வாசலில் சோதனை. பெண்களை ஆண் தொடக்கூடாது என்பதால், விதவையான தன் அக்கா அக்தஸை, ஊரார் மரியாதையாகக் ‘கானும்’ என்று கூப்பிடுகிறவளை, அங்கே நாற்காலி போட்டு உட்கார்த்தியிருந்தார். வேலை முடிந்ததும் பெண்கள் ஒவ்வொருவராக ஒரு வெள்ளைத் துணியின் மேல் ஏறி நிற்க வேண்டும். அக்தஸ் கானும் குதிரைமுடித் தூரிகையால் முக்காடு, தோள், கைமடிப்பு, கடைசியில் செருப்பு என்று மேலிருந்து கீழாகத் துடைப்பாள்.

"வாயைத் திற."

"வாயில விதை முளைச்சா நானே சொல்லுவேன், கானும்," என்பாள் தூபா. எஸ்மத்துக்குப் பக்கத்து ஸ்டூல்காரி. அவள் நாக்குக்குப் பயந்து ஹாஜியே அவளிடம் சுருக்கமாகத்தான் பேசுவார்.

எஸ்மத் கேட்டதும் வாயைத் திறந்து காட்டுவாள். அவளுக்குக் காப்பீட்டில் இருபது வருடம் முடிய இன்னும் ஏழு மாதம் இருந்தது. முடிந்தால் ஓய்வூதியம். புருஷன் கொத்ரத் கல்குவாரியில் முதுகெலும்பை விட்டுவிட்டு வந்து ஐந்து வருடமாகப் படுக்கையில் கிடந்தான். ஏழு மாதம் யாராவது அவளை ஆட்டுத்தோலைப் போல உதறினாலும் எஸ்மத் நிற்கத் தயாராக இருந்தாள்.

நவ்ரூஸ் புத்தாண்டு கழிந்து இரண்டு மாதத்தில் அது நடந்தது. காலையில் தன் வீட்டு வாசல் தெளிக்க வந்தவள், சுவருக்கும் வாய்க்காலுக்கும் நடுவே வண்டல் ஒதுங்கிய இடத்தில் நான்கு இலைச் செடி ஒன்றைப் பார்த்தாள். கைக்குடம் அவள் கையிலேயே நின்றது. ஆயிரம் களைக்குள் கிடந்தாலும் பெட்டூனியா நாற்று அவள் கண்ணுக்குத் தப்பாது. விரலால் தொட்டாள், இலை பிசுபிசுத்தது. குனிந்து பார்த்தால் ஒன்றல்ல, பதினொன்று.

பிடுங்கி அடுப்பில் போட்டாள். மூன்றாம் நாள் இன்னும் ஒன்பது வந்தது.

"நீ எடுத்தியா?" என்றான் கொத்ரத், படுத்தபடியே.

"உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?"

"இல்ல, எடுத்திருந்தா என்கிட்ட மட்டும் சொல்லு. நான் யார்கிட்ட போய்ச் சொல்லப்போறேன், சீலிங் ஃபேன்கிட்டயா?"

அன்றிலிருந்து எஸ்மத் தூபாவைக் கவனிக்க ஆரம்பித்தாள். இது யாரோ வேண்டுமென்றே கொண்டுவந்து தூவியது. எஸ்மத்தின் இடத்துக்குத் தன் மைத்துனியைக் கொண்டுவரத் தூபா ஒரு வருடமாக ஹாஜியிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். தூபாவும் எஸ்மத்தைக் கவனித்துக்கொண்டிருந்தாள், ஏனென்றால் அவள் வாசலிலும் ஐந்து செடி முளைத்திருந்தது. இருவரும் ஒருவர் சாசரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே விதைத்ததில் அந்த வாரம் இரண்டு தட்டு குறைந்தது. குறைந்த தட்டைப் பார்த்து ஹாஜி இருவரையும் கவனிக்க ஆரம்பித்தார்.

பிடுங்கப் பிடுங்க வந்தது. ஒரு செடி மட்டும் சுவர் வெடிப்புக்குள் வேர்விட்டு, பிடுங்கினால் கல்லும் சேர்ந்து வரும் என்று நின்றது. எஸ்மத் ஒரு வாளியை எடுத்து அதன்மேல் கவிழ்த்தாள். ஓரத்தில் இரண்டு விரல் வெளிச்சம் போகிற இடைவெளி இருந்தது. அது போதும் என்று செடி நினைத்துவிட்டது.

கசாப்புக் கடைக்குப் போகிற வழியில் ஹாஜி எஸ்மத் வீட்டுச் சந்து வழியாக வந்தார். வாளிக்கு அடியிலிருந்து ஒரு பூ தலையை நீட்டிக்கொண்டிருந்தது. ஊதாவில் வெள்ளைக் கோடு, நட்சத்திரம் மாதிரி. மஹல்லாத்தில் அந்த ரகத்தை இறக்கியவர் ஹாஜி ஒருவர்தான். மோட்டார் சைக்கிளை நிறுத்தி, காலால் வாளியைத் தள்ளினார். சத்தம் கேட்டு எஸ்மத் வெளியே வந்தாள்.

"சும்மா வச்சிருந்தா விதை காத்துல வந்துச்சுன்னு சொல்லியிருக்கலாம்," என்றார். "மூடி வேற வச்சிருக்கே."

"பயந்துதான் மூடினேன், ஹாஜி. குரான்மேல ஆணை, நான் எடுக்கல."

"எடுக்காதவளுக்கு எதுக்குப் பயம்?"

இதற்குப் பதில் சொல்ல எஸ்மத்துக்கு அவரிடம் பத்தொன்பது வருடம் ஐந்து மாதம் வேலை பார்த்த அனுபவம் இருந்தது. ஆனால் அவள் குனிந்து வாளியை நிமிர்த்தி வைத்தாள்.

"நாளையிலேருந்து வராதே. காப்பீட்டு ஆபீசுக்குத் திருட்டுன்னு எழுதி அனுப்பிடுவேன்."

அவர் போகிற வழியில் கசாப்புக்காரனிடம் சொன்னார். ரொட்டிக் கடை வரிசையில் சொன்னார். பள்ளிவாசல் கமிட்டியிலும் சொன்னார். சாயங்காலம் எஸ்மத் ரொட்டி வாங்கப் போனபோது முன்னால் நின்றவள் தன் கைப்பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

மறுநாள் காலை, பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக, எஸ்மத்துக்குப் போக இடமில்லை. வாய்க்கால் ஓரமாக மேலே நடந்தாள். தண்ணீர் திரும்புகிற இடமெல்லாம் வண்டல், வண்டல் இருக்கிற இடமெல்லாம் பெட்டூனியா. தூபா வாசலில் ஐந்து. கசாப்புக் கடைப் படியில் இரண்டு, கொழுப்புத் தண்ணீரிலும் செழிப்பாக. பள்ளிவாசல் கால் கழுவும் இடத்தில் ஒரு கொத்து. காவல் நிலையச் சுவரோரம் மூன்று. போலீஸ்காரர்களை யாரும் வாயைத் திறக்கச் சொல்லவில்லை. அப்படியே ஹாஜியின் குடில் வாசல் வரைக்கும் செடி வந்தது. வாசலுக்கு மேலே, ஊற்றுவரை நடந்து பார்த்தாள். ஒரு செடி கிடையாது.

எதிர்க்கரையில் வில்லோ மரத்தடியில் உட்கார்ந்து சாயங்காலம்வரை காத்திருந்தாள். பெண்கள் வெளியே வந்தார்கள். அக்தஸ் கானும் ஐந்து பேரையும் துடைத்து அனுப்பினாள். பிறகு மூக்கைச் சுளித்துக்கொண்டு துணியின் நாலு மூலையையும் விரல்நுனியால் தூக்கி வாய்க்காலுக்கு வந்தாள். செருப்புத் தூசி பட்டது தீட்டு. ஓடுகிற தண்ணீர்தான் அதைப் போக்கும். துணியை மூன்று முக்கு. தூரிகையை மூன்று முக்கு. கையை முழங்கைவரை மூன்று தடவை. பிறகு சந்தேகம் வந்து, முதலிலிருந்து மறுபடியும்.

எஸ்மத் வீட்டுக்குப் போய்த் தயிர் வடிகட்டும் மெல்லிய துணியை எடுத்து வைத்தாள். அடுத்த நாள் சாயங்காலம், குடில் வாசலுக்குப் பத்தடி கீழே வாய்க்காலில் இறங்கி, துணியை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள். அக்தஸ் கானும் கழுவி முடித்ததும் எஸ்மத் அப்படியே ஈரத்துணியோடு, முழங்கால்வரை சொட்டச் சொட்ட, ஹாஜியின் மேசைக்கு முன்னால் போய் நின்றாள். வீட்டுக்குப் போகிற வழியில் அதைப் பார்த்து நின்ற தூபாவும் பின்னாலேயே வந்தாள்.

"பாருங்க, ஹாஜி."

ஹாஜி பூதக்கண்ணாடியை எடுத்தார். ஈரத் துணியில் பழுப்புப் புள்ளிகள். ஒன்றை நகத்தில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். இன்னொன்றையும் பார்த்தார். கணக்குப் பார்க்க ஆரம்பித்தவர் நாற்பதில் நிறுத்திவிட்டார்.

"அக்கா!"

அக்தஸ் கானும் வந்தாள்.

"துணியைத் தட்டுல உதறச் சொன்னேனே?"

"உதறினா மேல படும். அதுங்க எங்கெங்க மிதிச்சிட்டு வருதோ. கழுவாம நான் எப்படித் தொழுறது? நீ வந்து கழுவுறியா?"

"காவல் நிலையத்துலயும் மூணு நிக்குது, ஹாஜி," என்றாள் தூபா. "அவங்களையும் வேலையை விட்டு நிறுத்துங்க."

ஹாஜி பூதக்கண்ணாடியை உறையில் போட்டு மூடினார். "நாளைக்குக் காலையில வா," என்றார் எஸ்மத்திடம்.

அன்று இரவு கொத்ரத் இரண்டு ரொட்டி கூடுதலாகச் சாப்பிட்டான்.

காலையில் மேசைமேல் ஒரு காகிதமும் மைப்பெட்டியும் இருந்தன. எஸ்மத் காகிதத்தை எழுத்துக்கூட்டிப் படித்தாள். "நான் கவனக்குறைவாக விதைகளை வெளியே எடுத்துச் சென்றேன். முதலாளி பெருந்தன்மையோடு மன்னித்து மறுபடி வேலை கொடுத்தார்."

"எடுத்துச் சென்றேன்னு இருக்கே, ஹாஜி."

"எடுத்துட்டுத்தானே போனே? உன் துணியிலதானே இருந்துச்சு? அக்கா துடைச்சதாலதான் அது வாய்க்காலுக்குப் போச்சு. இல்லேன்னா உன் வீட்டுக்கே வந்திருக்கும்."

"எனக்குத் தெரியாம ஒட்டியிருக்கு. எல்லாருக்கும்தான் ஒட்டும்."

"அதான் கவனக்குறைவாகன்னு போட்டிருக்கேன். வேற ஒருத்தன்னா அதைக்கூடப் போட்டிருக்க மாட்டான்."

"அக்தஸ் கானும்தான்னு நேத்து நீங்களே பார்த்தீங்க."

ஹாஜி குரலைத் தாழ்த்தினார். "ஊர் முழுக்கச் சொல்லிட்டேன், எஸ்மத். ரொட்டிக் கடையில சொல்லிட்டேன். இப்ப போய், இல்ல, எங்க அக்காதான்னு சொல்லச் சொல்றியா? ஏழு மாசம் இருக்கா உனக்கு? இதுல கைநாட்டு வை, ஏழு மாசமும் உன்னுது. காப்பீட்டு ஆபீசுக்கு ஒரு வரி எழுத மாட்டேன். வைக்காட்டி இன்னைக்கே எழுதுவேன்."

எஸ்மத் காகிதத்தை இன்னொரு தடவை படித்தாள். அதற்குள் எதுவும் மாறியிருக்கவில்லை. அந்த ஊர் வழக்கப்படி வலது ஆள்காட்டி விரலை நீல மையில் அழுத்தி, காகிதத்தில் வைத்தாள். ஹாஜி மை காயட்டுமென்று ஊதினார். பிறகு நான்கு மூலையிலும் பசைநாடா ஒட்டி, விதைப்பு அறைக் கதவுக்கு உட்பக்கம், எல்லோர் கண்ணிலும் படுகிற உயரத்தில் ஒட்டினார்.

உள்ளே குளிர்காலத்துக்கான பிரிமுலாப் பூ விதைப்பு தொடங்கியிருந்தது. எஸ்மத் குழாயடியில் விரலைச் சோப்புப் போட்டுத் தேய்த்துப் பார்த்தாள், மை போகவில்லை. முக்காட்டை மூக்குக்கு மேல் கட்டிக்கொண்டு தன் ஸ்டூலில் உட்கார்ந்து, பல்குச்சியை ஈரப் பஞ்சில் தொட்டாள்.

கண்ணாடிக்கு அந்தப்புறம் ஹாஜி நின்றுகொண்டிருந்தார். எதிரே இருந்த பெண் தன் வெள்ளைச் சாசரை மெல்ல இழுத்து மடிப்பக்கம் வைத்துக்கொண்டாள். அவளுக்கு அடுத்தவளும் இழுத்துக்கொண்டாள். தூபா கதவில் இருந்த காகிதத்தைப் பார்த்தாள், ஹாஜியைப் பார்த்தாள். பிறகு எஸ்மத்தின் பக்கம் இருந்த தன் சாசரை எடுத்து இடதுபக்கம் மாற்றி வைத்தாள்.

"தப்பா நெனைக்காதடி," என்றாள், முக்காட்டுக்குள்ளிருந்து. "எனக்கு இன்னும் மூணு வருஷம் இருக்கு."