முதலில் ஒரு குறை

லிஃப்டுக்குள் மண்டியிட்டு டேப்பை நீட்டினான். ஆழம் நூற்றுப் பத்து சென்டிமீட்டர். இந்தக் கட்டிடத்து லிஃப்டைப் பராமரிப்பவன் அவன்தான், அளக்காமலே தெரியும். இருந்தும் மூன்றாவது முறையாக அளந்தான். நிமிர்த்தி நிறுத்தினால்தான் சவப்பெட்டி உள்ளே போகும். அவளை அப்படி நிறுத்த அவனுக்கு மனம் வரவில்லை.

மனைவி இறந்தது நேற்று மதியம். அவளைக் குளிப்பாட்டி நடு அறையில் கிடத்திய பிறகு அவன் அந்த அறைக்குள் போகவில்லை. பதினொரு மணிக்குப் பெட்டியை மூடிவிடுவார்கள். இன்னும் அரை மணி நேரம் இருந்தது.

மாமியார் வாசலுக்கு வந்தார். "ஒரு தடவை பாத்துட்டு வந்துருங்க மாப்ள. மூடிட்டா அப்புறம் இல்ல."

"கதவுல தூசி அடைச்சிருக்கு. முடிச்சிட்டு வரேன்."

அவர் உள்ளே போனார்.

படியேறி நாலு பேர் வந்தார்கள். நூலகத்தின் பின்னறையில் சனிக்கிழமைதோறும் அவள் நடத்திய கூட்டத்து ஆட்கள், எல்லோரும் யாரையாவது பறிகொடுத்தவர்கள். கண்ணை மூடி மூச்சைக் கவனிப்பார்கள், பிறகு பேசுவார்கள். 'மூக்குச் சிந்துவோர் சங்கம்' என்று அவன் கேலி செய்வான். அவளும் சிரிப்பாள், பிறகு அரை நாள் பேசமாட்டாள்.

அவர்களில் ஒருவரான பஸ் டிரைவர் லிஃப்டுக்குள் வந்து அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அவனைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் அவளை அக்கா என்பார். அந்தக் கணக்கில் இவன் மாமா.

"படியிலேயே எறக்கிரலாம் மாமா. நாங்க தூக்குறோம்."

அவன் சரியென்று தலையசைத்தான்.

"அக்கா வச்ச விதி ஒண்ணு இருக்கு. போனவங்களப் பத்திப் பேசணும்னா முதல்ல ஒரு குறை சொல்லணும். சாமியாக்கிட்டா அப்புறம் அவங்ககூடப் பேச முடியாதும்பாங்க."

"அவகிட்ட குறையே கிடையாது."

வெளியே நின்ற தையல்கார அம்மா, "அப்ப இது வேற யாரோட புருஷனோ," என்றார். "அவ புருஷன் மேல பன்னெண்டு குறை வச்சிருந்தா. வாரா வாரம் ஒண்ணு சொல்லுவா."

"செத்தவங்களுக்குத்தான விதி?"

"எங்களுக்குப் பேச்சு வரட்டும்னு உங்க குறையத்தான் முதல்ல எடுத்து விடுவா. எதக் கேட்டாலும் 'பாக்கலாம்'னு சொல்லுவீங்களாமே."

டிரைவர் கண்ணை மூடிக்கொண்டார். மூச்சை நீளமாக இழுத்தார். மூக்கில் ஒரு சின்ன விசில் கேட்டது. மனைவி இறந்தபின் ஆறு வாரம் டிரைவர் வாயே திறக்கவில்லை என்றும், பக்கத்தில் உட்கார்ந்து கூடவே மூச்சு விட்டதைத் தவிர தான் எதுவும் செய்யவில்லை என்றும் அவள் ஒருமுறை சொல்லியிருந்தாள். அவன் டேப்பைச் சுருட்டினான். எத்தனை மூச்சு போனதென்று தெரியவில்லை. தன் மூச்சும் அந்த விசிலோடு சேர்ந்து ஏறி இறங்குவதைக் கொஞ்சம் கழித்துத்தான் கவனித்தான்.

"வலிச்சா சொல்ல மாட்டா," என்றான்.

டிரைவர் கண்ணைத் திறந்தார்.

எழுந்து உள்ளே போனான். மாமியார் நகர்ந்து வழிவிட்டார். யாரோ அவள் தலையை வகிடெடுத்து வாரியிருந்தார்கள். அவள் ஒருநாளும் வகிடெடுத்ததில்லை. விரலால் கலைத்து, அவள் வாருவதுபோலவே பின்னால் தள்ளிவிட்டான். நெற்றி குளிர்ந்திருந்தது. கையை எடுக்கவில்லை.

"சொல்லியிருக்கலாம்ல," என்றான்.

பதினொன்று அடித்துப் பத்து நிமிடம் ஆனது. யாரும் கூப்பிடவில்லை. அவனே வெளியே வந்து, மூடலாம் என்றான்.

தலைமாட்டை அவன் பிடித்துக்கொண்டான். நாலாவது மாடியிலிருந்து திருப்பத்துக்குத் திருப்பம் நின்று நின்று இறங்கினார்கள்.

"சாவியத் தொலைச்சிட்டு என்னைத் தேடச் சொல்லுவா," என்றான் மூன்றாவது மாடியில்.

"எங்க இருக்கும்?" என்று கேட்டார் தையல்கார அம்மா.

"அவ கையிலயே."

டிரைவர் தோளை மாற்றிக்கொண்டார்.

"படத்தோட முடிவ முதல்லயே சொல்லிருவா. போர்வையெல்லாம் இழுத்துக்குவா. நான் சொன்ன ஜோக்க என்கிட்டயே திரும்பச் சொல்லுவா, அதும் தப்பா."

இரண்டாவது மாடி வந்தது. அவன் சொல்லிக்கொண்டே வந்தான். முன்னால் போனவர்கள் தாமாகவே நடையைக் குறைத்தார்கள்.