விஷாலினியின் பிரகடனம்

புக்கிட் ரோத்தானில் விஷாலினி நடந்தால் தரையில் இரண்டு ஜோடிக் கால்தடங்கள் விழும். ஒன்று அவளுடையது. மற்றது சற்றுப் பெரியது, எப்போதும் ஈரமானது. அது அவளுடைய அத்தை நவமணியுடையது. தாயில்லாத தம்பி சுகுமாறனைத் தூக்கி வளர்த்த நவமணி சிலாங்கூர் ஆற்றில் மூழ்கி இறந்த பதினோராம் மாதம் விஷாலினி பிறந்தாள். அத்தைக்கு இருந்தது போலவே இடது காதுக்குப் பின்னால் ஒரு மச்சம். அக்காவே மகளாகத் திரும்பிவிட்டாள் என்று சுகுமாறன் முடிவுசெய்தார். மகள் தவழும்போதே "அக்கா, வாங்க" என்றார். எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரியை வாங்குமுன் நான்கு வயதான அவளிடம் உத்தரவு கேட்டார். அவள் சரி என்றாள். லோரி நன்றாகவே ஓடியது. பதினேழு வயதுவரை அவளை யாரும் திட்டியதில்லை. பாகற்காய் வேண்டாம் என்று சொல்லவும் விட்டதில்லை, நவமணிக்குப் பாகற்காய் பிடிக்கும் என்பதால். அவளுடைய பெயர் பள்ளிப் பதிவேட்டில் மட்டும் இருந்தது.

ஆகஸ்டு மாதத் தமிழ் வகுப்பில் ஆசிரியை ஷாமளா, பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவத்தின் பன்னிரண்டு பேரையும் ஆளுக்கொரு சுதந்திரப் பிரகடனம் எழுதச் சொன்னார். எதிலிருந்து விடுதலை, ஏன், இன்றுமுதல் என்ன என்ற மூன்றும் வேண்டும், கீழே கையெழுத்து. "யாரை விட்டு விலகுறீங்களோ அவங்க கேக்க வாசிக்கணும். இல்லாட்டி அது வெறும் டைரி லா," என்றார். வகுப்பில் கோகிலன், காலுக்குப் பெரிதான அண்ணனுடைய பழைய சப்பாத்திலிருந்து விடுதலை அறிவித்து, அதை அண்ணனுக்குப் போனில் வாசித்தான். மூன்றாம் நாள் அந்தச் சப்பாத்து நடந்தே புக்கிட் செந்தோசாவிலுள்ள அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

அதைக் கேட்டு விஷாலினி பயந்தாள். அப்பா தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. ஆனால் வாசித்துவிட்டால் ஈரக் கால்கள் ஆற்றுக்கே போய்விடலாம். அப்பா அக்காவை இரண்டாம் முறை இழப்பார். மூன்று தாள்களைக் கிழித்தாள். நான்காவதை ஞாயிறு மதியம் அப்பா சாப்பிட்டு முடித்தபின் நின்று வாசித்தாள்.

"நான் என் அப்பாவின் அக்கா அல்ல. அத்தையை நான் பார்த்ததே இல்லை. இன்றுமுதல் நான் விஷாலினி மட்டும்."

சமையலறையில் அம்மா திலகா அடுப்பை அணைத்தார். ஈரத் தடங்கள் விஷாலினியை விட்டு விலகி வாசல்வரை போயின.

"அக்கா, எங்க போறீங்க? இப்படி உக்காருங்க," என்று சுகுமாறன் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். தடங்கள் நின்றன, திரும்பின, நாற்காலியின் கீழ் வந்து அமைந்தன. சுகுமாறன் நீளமாக மூச்சு விட்டார். ரெண்டு பேரையும் ஒரே ஆளா வச்சுப் பேசிப் பேசித் தனக்கும் நாக்கு வறண்டுபோச்சு என்றார். பிறகு மகளைப் பார்த்து, பதினேழு வருடமாகக் கேட்கத் துணியாததைக் கேட்டார்.

"ஏய் விஷா, கணக்குல எத்தன மார்க்கு?"

"இருபத்தெட்டுப்பா."

அரைமணி நேரம் திட்டினார். அவள் சிரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். "இளிப்பப் பாரு," என்று அதற்கும் கொஞ்சம் விழுந்தது.

இப்போது சுகுமாறன் ஆலைக்குத் தனியாகப் போவதில்லை. லோரியின் இடப்பக்க இருக்கை எப்போதும் நனைந்திருக்கும். ஆலை வாசல் காவலர் ஷேக் தாவூது முதல் வாரம் எட்டி எட்டிப் பார்த்தார். அதன்பின், ஆட்கள் இரண்டு என்று எழுதிக்கொண்டு தடுப்புக் கட்டையை உயர்த்திவிடுகிறார்.