ஏழு தட்டு

இடது கையைச் சட்டைக்குள் நுழைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. உயிரோடு இருந்தபோதும் அப்பா எதற்கும் வளைந்து கொடுத்தவரில்லை. வீட்டுக்கு வந்து அவரைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் அவர் முழங்கையைப் பிடித்துக்கொள்ள, மகள் பொத்தான்களைக் கீழிருந்து மேலாகப் போட்டுக்கொண்டு வந்தாள். ஒன்பதரைக்கு மூச்சு நின்றது. பதினொன்றுக்கு வண்டி வரும்.

"அழுதுடுங்கக்கா. அடக்கி வச்சா உடம்புக்கு ஆகாது," என்றாள் நர்ஸ்.

"எனக்கு வராதும்மா."

அப்பா கல்லூரியில் முப்பது வருடம் தத்துவம் நடத்தியவர். உயிர் என்பது என்ன, செத்த பிறகு என்ன மிச்சம் என்று கேட்கும் அப்பாலைத் தத்துவத்தைச் சண்டை போட்டுப் பாடத்திட்டத்திலிருந்தே தூக்க வைத்தவர். "தத்துவம்ங்கிற வீட்டுக்கு அது மொட்டை மாடி. ஏறி நின்னு வானத்தப் பாக்கலாம், குடித்தனம் பண்ண முடியாது," என்பார். அதனால் மாணவர்கள் அவருக்கு வைத்த பெயரும் மொட்டைமாடிதான். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

இன்னொரு பழக்கமும் இருந்தது. ஒரு கேள்வி கேட்டால், மேசையில் விரலால் ஏழு முறை தட்டிவிட்டுத்தான் மறுபடி வாயைத் திறப்பார். பதில் சொல்பவர் யோசிக்க அந்த அவகாசம். யாராவது அவரிடம் கேட்டாலும் அதே ஏழு தட்டுக்குப் பிறகுதான் பதில். "அப்பா, சாப்பிட வரீங்களா?" என்றால்கூட ஏழு தட்டு. அப்படிப்பட்டவரோடு காலம் தள்ளுவது லேசில்லை.

ஒன்பது வருடத்துக்கு முன்பு, தன் ஆறு வயதுப் பெண்ணைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்துவிட்டு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று அவள் அவரிடம் கேட்டாள். "பாப்பா எங்கப்பா போயிருப்பா?"

அன்று அவர் ஒரு தட்டுக்கூடத் தட்டவில்லை. "எங்கயும் போகல. அவ இல்ல, அவ்வளவுதான். போட்டோகிட்ட பேசுறது, கனவுல வந்தாங்கிறது, எல்லாம் உன்னை நீயே ஏமாத்திக்கிறது."

நம்பினாள். குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை அவளுக்கு. சோதனையில் தெரியாததைத் தாளில் எழுதக் கூடாது என்று பழகியவள். சுவரிலிருந்த போட்டோவைக் கழற்றினாள். பள்ளிக்கூடப் பையை யாருக்கோ கொடுத்தாள். "பாப்பா" என்று வாய் வரை வரும்போதெல்லாம் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "நீ மனுஷியே இல்ல, கல்லு," என்று சொல்லிவிட்டுப் புருஷன் பிரிந்து போனான். அப்போதும் அப்பா பக்கம்தான் நின்றாள்.

மேல் பொத்தானைப் போடும்போது ஒட்டடைக்குச்சி வந்தான். அப்பாவின் பழைய மாணவன்; நாற்பது வயது; நிலைவாசலில் குனிந்துதான் நுழைய வேண்டும், அதனால்தான் அந்தப் பட்டப்பெயர். அப்பாவுக்குக் கண் மங்கியதிலிருந்து ஒவ்வொரு வியாழக்கிழமையும், அவள் வேலைக்குப் போன நேரத்தில், புத்தகம் வாசித்துக் காட்ட வருவான். இன்று அவன் கையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு ரெக்கார்டர் இருந்தது.

"இத சார் சட்டைப் பையில வைக்கணும்கா. கூடவே அனுப்பிடச் சொன்னார்."

"கூடவேன்னா? எங்க?"

"நானும் அதத்தான் கேட்டேன். சிரிச்சார்."

"என்ன இருக்கு இதுல?"

அவன் தரையைப் பார்த்தான். "அக்காகிட்ட மட்டும் மூச்சு விடாதேன்னார்."

ரெக்கார்டரைப் பிடுங்கி அதன் பொத்தானை அழுத்தினாள்.

"பாப்பா, தாத்தா பேசுறேன். இங்க நல்ல மழை. நீ எங்கயாவது இருக்கியா கண்ணு?"

டக், டக் என்று நாற்காலிக் கையில் விரல் விழுந்தது. ஏழு முறை. ஒன்றுகூடக் குறையவில்லை.

"சரி. நீ இருக்கேன்னு சொல்ல எங்கிட்ட ஆதாரம் இல்ல. இல்லேன்னு சொல்லவும் இல்ல. அன்னிக்கு உங்கம்மா அழுததத் தாங்க முடியாம இல்லேன்னுட்டேன். அழுகை நின்னுடுச்சு. அப்புறம் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு மாத்திச் சொல்றது?"

நிறுத்தினாள்.

"எத்தனை நாளா?"

"எட்டு வருஷமாக்கா. வாராவாரம்."

அவள் வாயைக் கட்டிப் போட்டுவிட்டு, எட்டு வருடமாக இவர் மட்டும் மொட்டை மாடியில் குடித்தனம் பண்ணியிருக்கிறார். அவள் பெற்ற பிள்ளையோடு.

வாசலில் வண்டி ஹார்ன் அடித்தது.

"வச்சிடட்டுமாக்கா?"

"வேணாம்."

ரெக்கார்டரைத் தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். அப்பாவின் சட்டைப் பை காலியாக இருந்தது. அதன் பொத்தானையும் போட்டுவிட்டாள். ஒட்டடைக்குச்சியும் நர்ஸும் கதவைத் திறக்கப் போனார்கள்.

அவள் குனிந்தாள்.

"எங்கிட்ட ஏன்ப்பா சொல்லல?"

கட்டில் சட்டத்தில் அவள் விரல் தட்டத் தொடங்கியது. ஐந்து. ஆறு. ஏழு.

வண்டிக்காரர் கதவருகே வந்து நின்றார். "எடுத்துடலாமாம்மா?"

"கொஞ்சம் இருங்க," என்றாள். மறுபடியும் ஒன்றிலிருந்து தட்ட ஆரம்பித்தாள்.