கடிகாரம் நின்ற நேரம்

கணவனைப் பறிகொடுத்தவள் காபி போடக் கூடாது என்று நான்கு பெண்கள் நான்கு பக்கமிருந்தும் தடுத்தார்கள். ஐலி கேட்கவில்லை. கறுப்பு உடுப்பின் கையை முழங்கை வரை சுருட்டிவிட்டுக்கொண்டு, அறுபது கோப்பை பிடிக்கும் மின்சாரக் காபி அண்டாவைக் குழாயடியில் வைத்துத் தண்ணீரைத் திறந்தாள். மணி ஒன்று ஐம்பது.

ரெய்னோவின் பெட்டியைக் கல்லறைத் தோட்டத்தின் குளிர்காலக் கல் அறையில் வைத்துப் பூட்டிவிட்டு இப்போதுதான் எல்லோரும் ஊர் மண்டபத்துக்கு வந்திருந்தார்கள். உறைந்த தரை இளகிக் குழி தோண்ட இன்னும் மூன்று வாரமாவது ஆகும். நாற்பது வருஷம் பனி தள்ளும் லாரி ஓட்டிய அப்பா, கடைசியில் பனிக்குப் பயந்து காத்துக் கிடக்கிறார் என்று மகன் டேல் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். ஐலியும் சிரித்தாள், பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

சமையலறை வாசலிலிருந்து பார்த்தால் மண்டபத்தின் ஏரிப் பக்கத்து ஜன்னல் தெரியும். அதற்கு வெளியே, உறைந்த ஏரியின் மேல் ஒரு பழைய நீலக் கார் நின்றது. எஞ்சினும் கிடையாது, எண்ணெயும் கிடையாது, வெறும் கூடு. அதிலிருந்து ஒரு கயிறு ஜன்னல் வழியாக உள்ளே வந்து, சுவர்க் கடிகாரத்தின் பிளக்கில் முடிந்தது. ஐஸ் உடைந்து கார் மூழ்கும்போது கயிறு பிளக்கைப் பிடுங்கும், கடிகாரம் நிற்கும். எந்த நாள், எத்தனை மணி, எத்தனை நிமிஷம் என்று டிக்கெட்டில் உண்மைக்கு மிக அருகில் எழுதியவருக்கு வசூலில் பாதி. மறு பாதி புற்றுநோய் வந்த குழந்தைகளின் குடும்பங்களுக்கு. பெட்ரோலுக்கும், அறை வாடகைக்கும், வேலைக்குப் போகாத நாட்களின் ரொட்டிக்கும் பாலுக்குமான பணம் அது. பெரிய மருத்துவமனை ஒன்பது மணி நேரத் தொலைவில் இருந்தது.

கார் ரெய்னோ, ஐலி இருவருடையதுதான். டேலுக்கு ஆறு வயதில் ரத்தப் புற்றுநோய் வந்தபோது, அந்த மருத்துவமனை வாசலில் அந்தக் காருக்குள்தான் இருவரும் வாரக் கணக்கில் படுத்துக் கிடந்தார்கள். ரெய்னோவோடு வேலை செய்தவர்கள் தொப்பியை நீட்டி வசூல் செய்து ஒரு உறை நிறையப் பணம் கொண்டுவந்தார்கள். அவர் நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். கடன்பட்டுக் கும்பிட மாட்டாராம். பிறகு பெட்ரோலுக்கு வழியில்லாமல் ஊரில் வேலைக்கு நின்றதில், பதினோரு நாள் பிள்ளையைப் போய்ப் பார்க்க முடியவில்லை. பன்னிரண்டாம் நாள் போனபோது டேல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். எத்தனை கூப்பிட்டும் திரும்பவில்லை.

டேல் பிழைத்தான். தலை வழுக்கையாகி, இன்று அப்பாவின் பெட்டிக்குத் தோள் கொடுத்தான். ஆனாலும் அந்தப் பதினோரு நாளை ஐலி மன்னித்ததில்லை. ரெய்னோவும் தன்னை மன்னித்துக்கொண்டதில்லை. அந்தக் காரைத்தான் வருஷா வருஷம் ஏரியில் நிறுத்தினார், மூழ்கியதும் சங்கிலி போட்டுக் கரைக்கு இழுத்தார்.

இந்த வருஷம் ஊரில் நோய் கண்டது ஷெல்பியின் மகள் நோராவுக்கு. ஷெல்பி மளிகைக் கடையில் கல்லாவில் நிற்பவள், ஒண்டியாள். ஐலி மூன்று முறை வசூல் பணத்தின் காசோலையோடு போனாள், மூன்று முறையும் அது திரும்பி வந்தது. ஆனால் மற்றவர்களைப் போல ஷெல்பியும் ஒரு டிக்கெட் வாங்கினாள். தானும் கொடுப்பவள்தான் என்று காட்டவோ என்னவோ. ஷெல்பி நேரம் சொல்ல, டிக்கெட்டை எழுதியது ஐலி. ஏப்ரல் இருபத்தாறு, மதியம் இரண்டு பத்து. நோரா பிறந்த நாளும் நேரமும்.

இன்று ஏப்ரல் இருபத்தாறு, சனிக்கிழமை. நோராவுக்கு ஏழு வயது நிறைகிறது. அவள் அந்த மருத்துவமனையில் தனியாகப் படுத்திருக்க, ஷெல்பி இங்கே ரொட்டித் தட்டுகளை எடுத்துவைத்துக்கொண்டிருந்தாள். ஒன்பது நாளாக அவள் மகளைப் பார்க்கப் போகவில்லை என்று ஐலிக்குத் தெரியும். கடைக்காரர் அவளுக்கு இரட்டை வேலை கொடுத்ததையும், அவள் காரில் பெட்ரோல் முள் சிவப்பைத் தாண்டாததையும் ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

ரெய்னோ போன அன்று காலையில் இதைத்தான் கேட்டார்.

"அந்தப் பொண்ணு வாங்கிக்கிச்சா?"

"எங்க வாங்குது. நெஜமா கஷ்டப்படறவங்களுக்குக் குடுங்கங்குது."

"நானா இருந்தாலும் வாங்கியிருக்க மாட்டேன்."

"தெரியும்யா கெழவா. உங்கூடத்தானே குடித்தனம் பண்ணேன்."

அவர் சிரித்து, இருமி, மூச்சு வாங்கிக் கிடந்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டே, "ஆனா ஜெயிச்சிருந்தா வாங்கியிருப்பேன்" என்றார். அவர் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

போதகர் வியாழக்கிழமை அடக்க ஆராதனை வைக்கலாம் என்றார். ஐலி சனிக்கிழமைதான் என்று ஒரே பிடியாக நின்றாள். சாவுக்கு நாள் பார்க்கும் வழக்கம் எப்போது வந்தது என்று போதகர் திகைத்தார். மண்டபச் சாவி, போட்டிக் கணக்கையும் பார்க்கும் லெனார்டிடம் இருந்தது. கல்யாணத்துக்கும் சாவுக்கும் தேர்தலுக்கும் மட்டுமே அவர் அதைத் திறப்பார்.

இரண்டு மணிக்கு ஏரியிலிருந்து ஒரு முறிவுச் சத்தம் கேட்டது.  ஜன்னலோரம் நின்ற லெனார்ட் கழுத்தை நீட்டிப் பார்த்தார். அவருடைய டிக்கெட் இன்றைக்கு இரண்டு நாற்பத்தைந்து. ஒரு வாரமாக ஊர் முழுக்கச் சொல்லிப் பெருமையடித்துக்கொண்டிருந்தார். கார் ஒரு சாண் சாய்ந்து, அப்படியே நின்றுகொண்டது.

"இன்னும் கொஞ்சம் பொறு, கெழவா" என்று ஐலி முணுமுணுத்தாள். காரிடம் சொன்னாளோ புருஷனிடம் சொன்னாளோ.

இரண்டு எட்டுக்கு அவள் அண்டாவைத் தூக்கினாள். தண்ணீரோடு அது ஒரு கன்றுக்குட்டி கனம் கனத்தது. டேல் ஓடிவந்தான், அவனை முழங்கையால் விலக்கினாள். சமையலறைச் சுவரில் மூன்று பிளக் பாயிண்ட் காலியாக இருந்தன. அவற்றைத் தாண்டி மண்டபத்தின் நடுவே நடந்து, கடிகாரத்துக்குக் கீழே இருந்த மேசையில் அண்டாவை வைத்தாள். பேச்சு ஒவ்வொரு மேசையாக அடங்கியது. ஐலி தலை நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தாள். நொடி முள் சுற்றி வந்தது. பிறகு குனிந்து, கயிறு கட்டிய பிளக்கைப் பிடுங்கி, அந்த இடத்தில் அண்டாவின் பிளக்கைச் செருகினாள்.

"காபிக்கு" என்றாள்.

கடிகாரம் இரண்டு பத்தில் நின்றது.

மண்டபத்தில் இருந்த எண்பது பேரும் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். ஏரியில் கார் இருந்த இடத்தில் இருந்தது.  இத்தனை வருஷத்தில் ஒரு பைசா தவறாத போட்டி, புருஷன் பெயரில் ஊர் வைத்திருந்த நம்பிக்கை, எல்லாவற்றையும் ஒரு பிளக்கோடு சேர்த்துப் பிடுங்கியாயிற்று. ஒரே ஒரு ஆள் அநியாயம் என்று சொல்லிவிட்டால் போதும்.

லெனார்ட் எழுந்தார். மெல்ல நடந்து வந்து, கடிகாரத்தடியில் ஒட்டியிருந்த அட்டையைக் கண்ணாடி போட்டுப் படித்தார். ஒரு வருஷம் மான் ஒன்று கயிற்றில் இடறிக் கடிகாரம் நின்று, அடிதடி வரை போனபோது ரெய்னோ எழுதி ஒட்டியது அது. அதை லெனார்ட் எல்லோருக்கும் கேட்கும்படி படித்தார்.

"கடிகாரம் நின்ற நேரமே நேரம். எப்படி நின்றது என்று யாரும் கேட்கக் கூடாது."

கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்தார். "சட்டம் சட்டந்தான்" என்றார். தன் டிக்கெட்டை எடுத்து நான்காகக் கிழித்தார். பிறகு கடைசி மேசையைப் பார்த்து, "ஷெல்பி, ரெண்டு பத்து உன்னுதுதானேம்மா?" என்று கேட்டார்.

ஷெல்பி ரொட்டித் தட்டோடு நின்றாள். முகம் சிவந்து, வெளுத்து, மறுபடி சிவந்தது. "ஐலிம்மா, இது நீங்க வேணும்னே..."

"நீதானே நேரம் சொன்னே? நானா சொன்னேன்?" என்றாள் ஐலி. "ஜெயிச்சவ வாங்கிக்கணும். பொழுதோட கெளம்பினா ராத்திரிக்குள்ள போய்ச் சேரலாம். பொறந்த நாளு இன்னும் முடியல."

ஷெல்பி தட்டைக் கீழே வைத்தாள். லெனார்ட் மேசையிலேயே காசோலையை எழுதி அவள் கையில் கொடுத்தார். இந்த முறை அது திரும்பி வரவில்லை. அவள் கோட்டைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓட, பெட்ரோல் நிரப்பிக் கொடுக்க டேல் பின்னாலேயே ஓடினான். ஐலிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. நாற்பது வருஷமாக நெஞ்சில் கிடந்த அந்தப் பதினோரு நாளில் ஒன்றிரண்டாவது இறங்கியதுபோல் இருந்தது.

லெனார்ட் கோப்பையை நீட்டினார். அண்டா இன்னும் சூடேறவே ஆரம்பிக்கவில்லை. அவசரத்தில் காபித் தூள்கூடப் போடவில்லை என்பது அப்போதுதான் ஐலிக்கு உறைத்தது. அவரோ நீட்டிய கோப்பையைப் பின்னுக்கு இழுக்கவில்லை. அவள் அண்டாவின் குழாயைத் திருகினாள். பச்சைத் தண்ணீர் விழுந்தது.

அவர் ஒரு வாய் குடித்தார். எல்லோரும் பார்த்தார்கள்.

"நல்ல ஸ்ட்ராங்கா இருக்கு" என்றார்.

அடுத்த மேசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது. பிறகு இன்னொன்று. போதகர் உட்பட எல்லோரும் கோப்பையோடு எழுந்து வரிசையில் வந்து நின்றார்கள். ஐலி கையை இன்னும் கொஞ்சம் மேலே சுருட்டிவிட்டுக்கொண்டு, ஒவ்வொரு கோப்பையாக நிரப்பினாள்.