மோல்டாவில் ஒரு குசினி

அற்புதராணி ரீச்சர் செய்த ஒரே பிழை, தான் போகப்போவதைக் குடும்பத்துக்குச் சொன்னதுதான்.

முப்பத்திரண்டு வருடம் புவியியல் படிப்பித்தவர் அவர். மத்தியதரைக் கடற் பிரதேசத்துக் காலநிலையைக் கரும்பலகையில் எத்தனை தரம் எழுதினார் என்று அவருக்கே தெரியாது. மாரியில் மழை, கோடையில் வறட்சி, இடையில் உடம்புக்கு இதமான இளவேனில். அந்த இதம் எப்படி இருக்கும் என்பது மட்டும் அவர் அறியாதது. ஓய்வு பெற்ற அடுத்த மாதமே சாவகச்சேரியில் பயண ஒழுங்குகள் செய்யும் குணலட்சுமியிடம் போனார்.

"ஏப்ரலிலை ஆறு நாள். மோல்டாத் தீவு. கடல் தெரியிற ஒரு அறை. வேறை ஒண்டும் வேண்டாம்."

"கோயில்கள், கோட்டையள் எல்லாம் இருக்குது ரீச்சர். ஒரு சுற்றுலா வானுக்குச் சொல்லிவிடட்டே?"

"நான் ஒண்டையும் பாக்கப் போகேல்லை. கதிரையிலை இருக்கப் போறன். ஆரும் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தால் குடிப்பன்."

அறுபது வயதில் ஒரு மனுசி படக்கூடாத ஆசையா இது?

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் விஷயத்தை ஒரே வரியில் போட்டார். லண்டனில் தம்பி றொபின், ரொறன்ரோவில் தங்கை றோஸ், அவர்களுடைய வீட்டுக்காரர், பிள்ளைகள். இவ்வளவுதான் குழு. அற்புதராணி கலியாணம் கட்டவில்லை. ஆகவே தாய் தகப்பனைக் கடைசிவரை பார்த்தது அவர்தான். வீட்டைப் பார்ப்பதும், கொடிகாமத்துத் தென்னங்காணியைப் பார்ப்பதும் அவர்தான். உனக்குச் சம்மதமா என்று ஒருவரும் கேட்டதில்லை. சும்மா இருக்கிறவள்தானே என்ற நினைப்பு. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பை நாளுக்கு ஆறு பாடம் மேய்த்தவர் சும்மா இருந்தவராம்!

பத்து நிமிடத்தில் றொபின் அழைத்தான்.

"அக்கா, சுப்பர்! ஈஸ்டர் லீவுதானே, நாங்களும் வாறம். றோசும் வாறாளாம்."

அற்புதராணிக்கு உண்மையில் சந்தோசம் பொங்கியது. மூன்று பேரும் ஒரு கடற்கரையில் ஒன்றாக இருந்து எவ்வளவு காலம்!

"அந்த அறையை விடுங்கோ. நான் ஒரு வீடு பாத்திட்டன். நீங்கள் பாக்கோணும் அந்தக் குசினியை!"

"குசினி என்னத்துக்கடா?"

"பிள்ளையளுக்கு வெளிச்சாப்பாடு ஒத்துக்கொள்ளாது, தெரியும்தானே. உங்கடை கைச்சாப்பாட்டை நினைக்கவே வாயூறுது அக்கா. வரேக்கை கறித்தூளும் இடிச்சுக்கொண்டு வாங்கோ, ஒரு அஞ்சு கிலோ."

புகழ்ச்சி என்று நினைத்துத்தான் சொன்னான். அற்புதராணிக்கு உச்சந்தலையில் நெருப்பை வைத்தது போல இருந்தது.

இருபது வருடமாக ஓகஸ்ட் மாதம் அவருடைய மாதமாக இருந்ததில்லை. இவர்கள் வருவார்கள். அவர் அயல் வீடுகளில் மெத்தை இரந்து, நுளம்புவலை கட்டி, விடியவே கொழும்புத்துறைக்கு ஆள் விட்டு நண்டு எடுப்பித்து, ஒன்பது பேருக்கு மூன்று நேரமும் அவித்துக் கொட்டுவார். உறைப்பு இல்லாமல் பிள்ளைகளுக்கு ஒரு கறி, உறைப்போடு பெரியவர்களுக்கு ஒரு கறி. றொபின் மாமரத்துக்குக் கீழே சாய்மனைக் கதிரையில் நீட்டி நிமிர்ந்து கிடந்து, "ஊருக்கு வந்தால்தான் அக்கா எனக்கு ஒரு றெஸ்ற்" என்பான். இப்போதுதான் விளங்குகிறது. அவர்கள் விடுமுறையில் வந்தார்கள். இவர் அந்த விடுமுறைக்கு வேலைக்காரியாக இருந்திருக்கிறார். சம்பளம் கேட்கத் தெரியாத வேலைக்காரி.

அன்றைக்கே பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. அந்த வாரம் றோஸ் குழுவில் ஒரு பட்டியல் போட்டாள். திங்கள் புட்டும் நண்டுக்கறியும், செவ்வாய் இடியப்பமும் சொதியும், ஈஸ்டருக்குப் பிரியாணி. கீழே இன்னொரு குறிப்பு: "நாலு அறைதான் இருக்கு. அக்கா ஹோலிலை சோபாவிலை படுப்பா. எப்பிடியும் வெள்ளன எழும்பித் தேத்தண்ணி வைக்கிற ஆள்தானே." அதற்கு ஆறு பேர் கைதட்டியிருந்தார்கள்.

ரீச்சர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார். சோபா! தன் காசில் தான் போகிற ஊரில் அவருக்கு ஒரு கட்டிலும் இல்லை. வகுப்பறைக் குரலில், ஓர் எழுத்தையும் விழுங்காமல் பதிவு செய்து அனுப்பினார்.

"எல்லாரும் கேளுங்கோ. நான் மோல்டாவுக்குப் போறன். கடற்கரை அறையிலைதான் இருப்பன். உந்தக் குசினிக்குள்ளை கால் வைக்கமாட்டன், தூளும் கொண்டுவரமாட்டன். நீங்களும் வாங்கோ, பின்னேரத்திலை சேர்ந்து இருந்து கதைப்பம். ஒரு நாள் நீங்கள் சமைச்சுப்போட்டுக் கூப்பிடுங்கோ, வந்து சாப்பிடுவன்."

முதலில் சிரிக்கிற முகங்கள் வந்தன. பிறகு றொபின் அழைத்தான்.

"பகிடிக்குத்தானே சொன்னனீங்கள்?"

"இல்லை."

"அப்ப நாங்கள் உவ்வளவு தூரம் வந்து என்னத்தைச் செய்யிறது?"

"நான் செய்யப் போறதைத்தான். சும்மா இருங்கோ."

"பாத்துச் சொல்லுறன்" என்று அவன் போனை வைத்துவிட்டான்.

இரண்டு நாளில் அவனுடைய மகனுக்கு நீச்சல் போட்டி வந்துவிட்டது. றோசுக்கு லீவு கிடைக்கவில்லையாம். வீட்டை இரத்துச் செய்துவிட்டார்கள். 'பரவாயில்லை அக்கா, நாங்கள் சமைக்கிறம், நீங்கள் இருங்கோ' என்று இரண்டு பேரில் ஒருவர் சொல்லியிருக்கலாம். அவர் அதற்குத்தான் காத்திருந்தார். பின்னேரம்வரை போனைக் கையிலேயே வைத்திருந்தார், வெட்கத்தை விட்டு. ஒருவரும் சொல்லவில்லை. அக்கா வேண்டாம், அக்காவின் கறி போதும் என்றால் அப்படியே சொல்ல வேண்டியதுதானே, நீச்சல் போட்டி என்னத்துக்கு?

மறுநாள் காலை, விசாப் படிவங்களில் ஒப்பமிட அவர் குணலட்சுமியின் கடையில் இருந்தபோது றொபினிடமிருந்து செய்தி வந்தது.

"நீங்கள் ஆறுதலாப் போட்டு வாங்கோ அக்கா. கவலைப்படாதேங்கோ, ஓகஸ்டிலை எப்பிடியும் நாங்கள் அங்கை வாறம்தானே."

அற்புதராணி அதைக் குணலட்சுமிக்கும் கேட்கும்படி உரக்க வாசித்தார். பிறகு அங்கேயே இருந்து பதில் எழுதினார்: "வாங்கோ. கதவுத் திறப்பு பக்கத்து வீட்டிலை இருக்கும். நான் இருக்கமாட்டன்."

எழுதி அனுப்பிவிட்டு நிமிர்ந்தார்.

"குணலட்சுமி, ஓகஸ்டுக்கும் ஒரு தீவு பாருங்கோ. முழு மாதத்துக்கும்."

குணலட்சுமி தயங்கினாள். "ஓகஸ்டிலை அந்தப் பக்கம் சரியான வெக்கையாம், ரீச்சர்."

"என்ரை குசினியை விடவோ?"