ஆளில்லாத குதிரைக் காசு

வீட்டுக்கு வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பதற்கு முன்பே என் மாமனார் காசைக் காட்டிவிடுவார். மூக்குக்கண்ணாடிப் பெட்டிக்குள் பஞ்சு வைத்துப் படுக்கப் போட்டிருந்த பழைய வெள்ளிக்காசு. ஒரு பக்கம் சேணம் பூட்டிய குதிரை; மேலே ஆள் கிடையாது, தலையைத் தொங்கப் போட்டிருக்கும். மறுபக்கம் இரண்டு தூண்கள், நடுவில் சாய்வாக ஒரு கோடு. குதிரையின் தலைக்கு மேலே ஓர் ஓட்டை.

அவருடைய முன்னோர் ஒருவர் மலைக்கோட்டைச் சண்டையில் ராஜாவின் உயிரைக் காப்பாற்றினாராம். ராஜா குதிரையை விட்டு இறங்கி வந்து அவரைக் கும்பிட்டாராம், அதனால்தான் மேலே ஆள் இல்லை. சாய்ந்த கோடு முன்னோருடைய வேல். ஓட்டை, பதக்கம் மாதிரி கழுத்தில் மாட்டிக்கொள்ள. கல்யாணமாகி வந்த அன்றைக்கே இதைக் கேட்டுவிட்டேன். பிறகு கேட்டதற்குக் கணக்கே இல்லை. விருந்தாளி வருகிறார்கள் என்றால் பல்பொடி போட்டு அதைத் தேய்த்து வைப்பது மருமகள் வேலை. பாத்திரம் தேய்க்க ஆள் வைத்திருந்தார், காசுக்கு மட்டும் நான்தான்.

வெறும் பெருமை என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அந்தக் காசை வைத்துத்தான் மனுஷர்களை எடை போடுவார். என் அப்பா பஸ் கண்டக்டர், ஆகவே எனக்கு வம்சம் கிடையாது. இதை என்னை வைத்துக்கொண்டே சொல்வார். என் வீட்டுக்காரருக்கு அப்பா முன்னால் வாய் இருப்பதே மறந்துவிடும்.

என் நாத்தனார், நாங்கள் சின்னவள் என்று கூப்பிடுகிறவள், ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் டைப் செய்துகொண்டிருந்தாள். ஸ்கூட்டர் ஸ்டாண்டு உடைந்து சரிசெய்யப் போன இடத்தில் லேத்துக்காரனிடம் மனசைக் கொடுத்துவிட்டு வந்தாள். நல்ல பையன். அவனுடைய அப்பா மில்லில் வேலை பார்த்தவர். ஸ்டிரைக் சமயத்தில் கூட இருந்த ஒருவனே பெயர்களைப் போலீசில் சொல்லிவிட்டான். போலீஸ் பிடித்துக்கொண்டுபோன அப்பா பிணமாகத்தான் வீட்டுக்கு வந்தார். காட்டிக்கொடுத்தவனைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் பையனுடைய அம்மா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விடுவாராம். எவ்வளவு மானஸ்தர்கள் பாருங்கள் என்று சின்னவளே இதை மாமனாரிடம் சொல்லிக் கெஞ்சினாள்.

மாமனார் பையனை வரச்சொன்னார். உட்காரச் சொல்லவில்லை. பெட்டியைத் திறந்து நீட்டினார்.

"இந்த மாதிரி உங்க வீட்டுல என்ன இருக்கு? ஸ்டேஷன்ல இருந்து உங்கப்பனைச் சுத்திக் கொண்டாந்த துணியைத் தவிர?"

பையன் காசைப் பார்த்தான், சின்னவளைப் பார்த்தான், செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். அன்றைக்கு அவரை எனக்கு அடித்துவிடலாம் போல இருந்தது.

அடுத்த மாதமே டைல்ஸ் கடை முதலாளியின் மகனை மாப்பிள்ளையாகப் பிடித்தார். பெரிய இடம். அவர்கள் வாய் பிளக்க வேண்டும் என்பதற்காக, மியூசியத்தில் நாணயப் பிரிவைப் பார்த்துக்கொள்கிற அதிகாரியை அவர்கள் பெண் பார்க்க வருகிற நாளிலேயே வரவழைத்தார். காசின் மகிமையைத் தான் சொல்வதைவிடப் படித்தவர் சொன்னால் எடுபடும் என்று கணக்கு. யாரும் கேட்காமல், தானாகப் போய்க் காரெல்லாம் வைத்து அழைத்து வந்தார்.

அதிகாரி காசைக் கையில் வாங்கியதும் முகம் மலர்ந்தது. லென்ஸை எடுத்தார், திருப்பினார், மறுபடி திருப்பினார். மாமனார் ராஜா இறங்கி வந்த கதையைப் பாதி சொல்வதற்குள் கையைக் காட்டி நிறுத்தினார்.

"குதிரை மேல இருந்த ராஜா இறங்கலை சார், செத்துட்டான். இது ஜெயிச்ச ராஜா அடிச்ச காசு. கோட்டைக்குள்ள இருந்துக்கிட்டே எதிரிக்குக் கதவைத் திறந்துவிட்டவங்களுக்கு ஆளுக்கு ஒண்ணு கொடுத்தாங்க. இது தூண் இல்ல, வாசல். இது வேலும் இல்ல, கழட்டிவிட்ட தாழ்ப்பாள்."

டைல்ஸ் கடைக்காரர் சுவாரஸ்யமாகிவிட்டார். அப்படியானால் ஓட்டை எதற்கு என்று கேட்டார்.

"அதுதான் இதுல விசேஷமே. சொந்த ராஜாவையே வித்தவன் நாளைக்கு நம்மளையும் விப்பான்னு ஜெயிச்சவனுக்கு பயம். அதனால கழுத்துல மாட்டிக்கிட்டுத்தான் வெளிய வரணும்னு உத்தரவு. பாக்கிறவங்க கதவைச் சாத்திக்கணும்ல?"

மாமனார் ஏதோ தவறு நடந்திருக்கும் என்றார். அதிகாரிக்குக் கோபம் வந்துவிட்டது. மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த இதேபோன்ற இன்னொரு காசின் படத்தைப் போனில் காட்டினார். எழுத்து தேயாத காசு அது, தாழ்ப்பாளுக்குக் கீழே விவரம் அப்படியே இருந்தது. எங்களுடையதில் அந்த வரி தேய்ந்து வழவழவென்று ஆகியிருந்தது. தலைமுறை தலைமுறையாக மருமகள்கள் தேய்த்த தேய்ப்பு.

"அவமானம் தாங்காம எல்லாக் குடும்பமும் உருக்கிட்டாங்க சார். பளபளன்னு விளக்கிப் பெட்டியில வெச்சிருக்கிறது நீங்கதான்," என்று மாமனாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். மனப்பூர்வமான பாராட்டு. பாவம், அவருக்குச் சூது வாது தெரியாது.

பெரிய இடத்துக்காரர்கள் வந்த சுவடு தெரியாமல் கிளம்பினார்கள். சமையலறையில் நானும் சின்னவளும் துணியை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டு சிரித்தோம். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம். இனி வம்சம் என்று வாயைத் திறக்க முடியாதல்லவா! "அண்ணி, இனிமே அவரை வேண்டாம்னு சொல்ல அப்பாகிட்ட என்ன இருக்கு?" என்றாள் சின்னவள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இத்தனை வருஷம் அவரோடு இருந்தும் எனக்குப் புத்தி வரவில்லை.

சில நாள் மாமனார் அறையை விட்டு வரவில்லை. சாப்பாடு உள்ளேயே போனது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை முகச்சவரம் செய்துகொண்டு கூடத்துக்கு வந்து உட்கார்ந்தார். லேத்துக்காரன் வீடு எந்தத் தெரு என்று மகளைக் கேட்டார். தான் அன்றைக்குப் பேசியது தப்பு, நேரில் போய்ப் பேசுகிறேன் என்றார்.

சின்னவள் அழுதேவிட்டாள். தெருவைச் சொன்னாள், வாசலில் பச்சைக் கேட்டு இருக்கும் என்றாள், அவனுடைய அம்மாவுக்கு வலது காது மந்தம், இடது பக்கம் உட்கார்ந்து பேசுங்கள் என்றாள். அவருடைய வெள்ளைச் சட்டையை அவளே இஸ்திரி போட்டாள். காலர் சரியாக வரவில்லை என்று இரண்டாவது தடவையும் போட்டாள். மாமனார் என் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். சட்டைப் பையில் கண்ணாடிப் பெட்டி புடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். விற்கப் போகிறார் போல என்று நினைத்தேன்.

மத்தியானம் திரும்பி வந்தார்கள். என் வீட்டுக்காரர் யார் முகத்தையும் பார்க்காமல் மாடிக்குப் போய்விட்டார். மாமனார் கைகால் கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். சாப்பிட்டுக்கொண்டே, கடைக்குப் போய் வந்த கதையைச் சொல்வது போலச் சொன்னார்.

போனதும் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டாராம். அந்த அம்மா நெகிழ்ந்துபோய் விசிறியெல்லாம் கொண்டுவந்து வைத்தாராம். அதற்குப் பிறகு காசின் கதையைச் சொன்னாராம். ராஜா இறங்கி வந்த கதையை அல்ல, அதிகாரி சொன்னதை, வாசல், தாழ்ப்பாள், ஓட்டை என்று ஒன்று விடாமல். இடது பக்கம் உட்கார்ந்து, காதில் விழுகிற மாதிரி.

"எங்க பரம்பரைச் சொத்து இது ஒண்ணுதான்னு அந்தம்மா கையில வெச்சேன். பொண்ணு கூடவே அனுப்புறேன், பேரப்பிள்ளை பொறந்தா கழுத்துல போடுங்கன்னு சொன்னேன்," என்றார். "அந்தம்மா எழுந்து போய் சோப்புப் போட்டுக் கை கழுவுச்சு."

பையன் தரையைப் பார்த்தபடி நின்றானாம். அம்மா சொல்வதுதான் தன்னுடைய வார்த்தையும் என்றானாம்.

தன் மானம் போனால் போகட்டும், போன மானத்தை வைத்தே இந்தச் சம்பந்தத்தை முறித்துவிடலாம் என்று அறைக்குள் உட்கார்ந்து கண்டுபிடித்திருக்கிறார் மனுஷன். சின்னவள் போனை எடுத்து அவனைக் கூப்பிட்டாள். அவன் எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். எடுத்தான். அம்மா காலையிலிருந்து சாப்பிடவில்லை, கொஞ்ச நாள் கூப்பிடாதே என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான்.

அவள் கத்தவில்லை. அப்பாவுக்கு எதிரே போய் உட்கார்ந்தாள். இஸ்திரி போட்ட சட்டை கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஏம்ப்பா, அந்தக் கதவைத் திறந்துவிட்டவனுக்கு கோட்டைக்குள்ள பொண்ணு இருந்திருப்பாளா?"

மாமனார் வாயிலிருந்ததை மென்று முடித்தார்.

"இருந்திருப்பா," என்றார்.

பிறகு தட்டை என் பக்கம் நகர்த்தினார். நான் சோறு போட்டேன்.