எழுத்தை மட்டும் பாருங்க

1

இந்தக் கதைக்கு என் கைபேசிதான் காரணம். அதிலிருந்த ஒரு செயலியின் தமிழ் உதவிப்பக்கம் முழுக்க எழுத்துப்பிழை. பொழுதுபோகாமல் திருத்தி அனுப்பினேன். நன்றி சொல்லி ஏற்றிவிட்டார்கள். அடுத்த வாரம் அதே பக்கத்தைப் படித்தேன். சுத்தமாக இருந்தது. அதில் சொல்லியிருப்பது சரியா என்று எனக்குத் தெரியாது, ஆனாலும் நம்பினேன். நம்பியதை நினைத்துத்தான் பயம் வந்தது. அந்தப் பயத்தைத் தூக்கி இந்தக் கதையில் வரும் ஆக்னஸிடம் கொடுத்துவிட்டேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: திரேஸ்புரத்தில் அன்று கடல் அமைதியாக

(வேண்டாம். கதையில் கடல் அமைதியாக இருந்தாலே யாருக்கோ ஆபத்து என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.)

ஆக்னஸ் திரேஸ்புரத்துக்காரி. மென்பொருள் கம்பெனி ஒன்றில் தமிழ்ப் பக்கங்களுக்குப் பிழை திருத்துகிறாள். படகில் வைக்கிற அபாயக் கருவிக்கான விளக்கக் குறிப்பு அவளிடம் வந்தது. பொத்தானை அழுத்தவும், சிவப்பு விளக்கு எரிந்தால் செய்தி கரைக்குப் போய்விட்டது என்று பொருள். விடுபட்ட ஒற்றுகளைப் போட்டாள், ழகரங்களைச் சரிசெய்தாள். சிவப்பு என்ற இடத்தில் மட்டும் கை நின்றது.

"சார், சிவப்புன்னா போகலைன்னுதான வரும்?"

"நீங்க எழுத்தை மட்டும் பாருங்க மேடம். மத்ததை டெக்னிக்கல் டீம் பாத்துட்டாங்க," என்றார் மேலாளர் சிவப்பிரகாஷ்.

எழுத்தை மட்டும் பார்த்தாள். (அவளைச் சண்டை போடவைத்துப் பார்த்தேன். நானே நம்பவில்லை. சம்பளம் தருகிற இடத்தில் யாருக்கும் வாய் அவ்வளவு நீளாது.)

3

மீன்பிடிக்கப் போகும் அவள் தம்பி விக்டரின் வள்ளத்தில் அந்தக் கருவி ஏற்கெனவே இருந்தது. பழைய குறிப்பைப் படித்துச் சிரிப்பான். "தமிழே தெரியாதவன் எழுதிருக்கான். இதை நம்பி எவன் கடலுக்குப் போவான்?" அதனால் வயர்லெஸ்ஸையும் தவறாமல் எடுத்துப்போவான்.

ஆக்னஸ் திருத்திய புதுக் குறிப்பு வந்தது.

"ஒரு தப்பு இல்லக்கா. நீ பாத்ததுல்லா. வயர்லெஸ் ரிப்பேருக்குக் கெடக்கு, கெடக்கட்டும்."

"வேண்டாம்ல. அதை வாங்கிட்டுப் போ."

"நீ பாத்தபொறவு என்ன பயம்?"

இத்தனை நாளும் அவனை வயர்லெஸ் எடுக்கவைத்தது அந்தப் பிழைகள்தான். ஆக்னஸ் அவற்றை ஒன்றுவிடாமல் எடுத்துவிட்டாள்.

4

இன்று மத்தியானம் காற்று எழும்பியது. ஆபீசில் இருந்தவளுக்கு விக்டரிடமிருந்து போன்.

"யக்கா, வள்ளத்துல தண்ணி ஏறுது. பொத்தானை அமுக்கிட்டேன். சிவப்பு எரியுது, நீ பயப்படாத, ஆளு வந்துரு"

அதோடு லைன் அறுந்தது. திரும்ப அடித்தாள், கிடைக்கவில்லை. சிவப்பிரகாஷிடம் ஓடினாள்.

"சார், சிவப்புன்னா என்ன சார்?"

அவர் கணினியில் தேடினார். வந்து நின்றது அவள் திருத்திய பக்கம்.

"போயிருச்சுன்னு இருக்கே. நீங்கதான மேடம் சரிபாத்தீங்க?"

ஆக்னஸ் கரையோர மீட்பு அலுவலகத்துக்குப் போன் போட்டாள்.

5

அங்கே மணி அடிக்கிறது. எடுப்பவர் சொல்லப்போவதை இரண்டு விதமாக எழுதி வைத்திருக்கிறேன்.

"வந்துச்சும்மா. படகு கெளம்பிட்டு."

"அப்படி ஒண்ணும் வரலையேம்மா. எந்த எடத்துல நிக்காங்க?"

இரண்டையும் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒரு பிழையும் இல்லை. இரண்டையுமே நம்ப முடிகிறது. அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

மணி இன்னும் அடிக்கிறது. நீங்கள் எடுங்கள்.